ஹம்பர் வந்தது, வண்டி வரவில்லை: தாப்பா வட்டாரத்தில் வறுமையை யார் கணக்கெடுப்பது?

தீபாவளிக்கு முந்தைய வாரம் தாப்பா வட்டாரத்தில் உள்ள ஒரு தாமானுக்கு நண்பர்கள் சிலரோடு உதவிப் பொருள் கொடுக்கப் போயிருந்தேன். ஐந்து கிலோ அரிசி, சமையல் எண்ணெய், சீனி, மாவு, ஒரு டின் பிஸ்கட் என வழக்கமான ஹம்பர்தான். முதல் வீட்டு அம்மா எங்களை உட்காரச் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே மூலையைக் காட்டினார். அங்கே ஏற்கெனவே இரண்டு ஹம்பர்கள் இருந்தன. ஒன்றை ஒரு கட்சிக் கிளை கொடுத்திருந்தது. இன்னொன்று ஈப்போவிலிருந்து வந்த ஓர் இயக்கம் கொடுத்தது. "அரிசி இருக்குது தம்பி. பின்னால ரோட்டுல ஒரு பாட்டி இருக்காங்க, அங்க யாரும் போகல" என்றார்.

போனோம். எழுபது வயதைத் தாண்டிய பாட்டி, கூடவே தொடக்கப்பள்ளியில் படிக்கும் பேரன். மகன் இறந்த பிறகு தோட்டத்து வீட்டை விட்டு இந்த ஆண்டுதான் இங்கே வாடகைக்கு வந்திருக்கிறார்கள். எங்கள் கையில் இருந்ததோ போன ஆண்டுப் பட்டியல். அதில் அவர் பெயர் எப்படி இருக்கும்? ஹம்பரை வாங்கி வைத்துக்கொண்டு பாட்டி கேட்டது ஒன்றுதான்: "அடுத்த மாசம் ஈப்போ பெரியாஸ்பத்திரில கண்ணு அப்பாயின்மென்ட் இருக்கு. கூட்டிட்டுப் போக யாராச்சும் கெடைப்பாங்களா?"

எங்கள் பாரத்தில் பெயர், அடையாளக் கார்டு எண், குடும்பத்தில் எத்தனை பேர், கையெழுத்து என நான்கு கட்டங்கள் இருந்தன. பாட்டியின் கேள்வியை எழுதிக்கொள்ள அதில் இடமில்லை.

இது எங்கள் குழுவின் குறை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் குழுவோடு முடிகிற குறையும் அல்ல. தாப்பா, பீடோர், சுங்காய், தெமோ, ஆயர் கூனிங் என்று பத்தாங் பாடாங் மாவட்டத்தையும் அதன் அக்கம்பக்கத்தையும் சுற்றி வந்தால் உதவி வராத மாதமே இல்லை என்று சொல்லலாம். கட்சிகள், கோயில்கள், பொது இயக்கங்கள், அரசு இலாகாக்கள் எல்லாம் ஏதோ கொடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. 2025 ஏப்ரலில் ஆயர் கூனிங் சட்டமன்ற இடைத்தேர்தல் நடந்தபோது எல்லாத் தரப்பினரும் வீடு வீடாக வந்தார்கள். அத்தனை பேர் ஏறி இறங்கிய வீடுகளில், "உங்களுக்கு இப்போது முதலில் வேண்டியது என்ன?" என்று கேட்டு அதை எழுதி வைத்துக்கொண்டவர்கள் எத்தனை பேர்?

அரசிடம் பட்டியல் இல்லாமல் இல்லை. இ-காசே என்ற பெயரில் ஏழைக் குடும்பங்களின் தேசியத் தரவுத்தளம் பல ஆண்டுகளாக இருக்கிறது. பிரதமர் துறையின் அமலாக்க ஒருங்கிணைப்புப் பிரிவு அதைப் பராமரிக்கிறது. குடும்பத் தலைவர் மாவட்ட அலுவலகத்தில் பதிய வேண்டும். விவரம் சரிபார்க்கப்பட்டு, மாவட்ட அளவிலான குழு ஒன்று கூடி யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது என்று முடிவு செய்கிறது. இந்தப் பட்டியலில் பெயர் இருப்பதும் இல்லாததும் இன்று பெரிய வித்தியாசம். மைகாட் வழியாகக் கடையில் பொருள் வாங்கும் சாரா உதவியை எடுத்துக்கொள்ளுங்கள். ரொக்க உதவி பெறும் மற்றக் குடும்பங்களைவிட இ-காசே பட்டியலில் உள்ள குடும்பங்களுக்கு 2025-இல் கூடுதலாகக் கிடைத்தது. பல இலாகாக்கள் உதவி கொடுக்கும் முன் முதலில் தட்டிப் பார்ப்பதும் இந்தப் பட்டியலைத்தான்.

அப்படியானால் யார் ஏழை என்பதை அந்தப் பட்டியல் எப்படி முடிவு செய்கிறது? வருமானத்தை வைத்து. இங்கேதான் நம் நாட்டுக் கணக்கின் பழைய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

2016-இல் மலேசியாவின் வறுமை விகிதம் 0.4 விழுக்காடு என்றது அதிகாரப்பூர்வக் கணக்கு. இந்தியர்களிடையே அது வெறும் 0.1 விழுக்காடு. ஆயிரம் குடும்பங்களில் ஒரே ஒரு குடும்பம்! தாப்பாவில் ஒரு தாமானின் இரண்டு ரோட்டை நடந்து பார்த்தவர்கூட இதை நம்பமாட்டார். அப்போதைய வறுமைக் கோடு ஒரு குடும்பத்துக்கு மாதம் 980 ரிங்கிட். நான்கு பேர் கொண்ட குடும்பம் என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 ரிங்கிட் சொச்சம். சாப்பாடு, வாடகை, மின்சாரம், பள்ளிச் செலவு எல்லாம் அதற்குள். 2019 ஆகஸ்டில் இங்கு வந்த ஐநாவின் கடும் வறுமைக்கான சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன் இந்தக் கோடு யதார்த்தத்துக்குப் பொருந்தவே இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அப்போது அரசுத் தரப்பில் அவர் சொன்னதை ஏற்கவில்லை. ஆனால் 2020 ஜூலையில் புள்ளிவிவரத் துறை கணக்கிடும் முறையை மாற்றி, கோட்டை 2,208 ரிங்கிட்டுக்கு உயர்த்தியது. அதே 2016-ஆம் ஆண்டைப் புதிய முறையில் கணக்கிட்டபோது வறுமை விகிதம் 0.4 அல்ல, 7.6 விழுக்காடு என்று வந்தது. 2022-இல் கோடு சராசரியாக 2,589 ரிங்கிட், விகிதம் 6.2 விழுக்காடு.

ஒரே ஆண்டு, ஒரே மக்கள். அளக்கும் கோலை மாற்றியதும் ஏழைகளின் எண்ணிக்கை பத்தொன்பது மடங்கு கூடியது. அதுவரை கணக்கில் வராத அந்தக் குடும்பங்கள் எல்லாம் எங்கேயோ இருந்தன அல்லவா? அவற்றில் நம் தோட்டப்புறத்துக் குடும்பங்களும் அடக்கம்.

சரி, கோடு உயர்ந்துவிட்டது, இனி எல்லாரும் பட்டியலுக்குள் வந்துவிடுவார்கள் என்று நினைத்தால், அங்கேயும் ஒரு சிக்கல். கணக்குப் போட்டுப் பார்ப்போம். குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் 1,700 ரிங்கிட். அவ்வாண்டு பிப்ரவரியில் தொடங்கி, ஆகஸ்டு முதல் எல்லா முதலாளிகளுக்கும் பொருந்தியது. கணவர் மட்டும் அந்தச் சம்பளத்துக்குப் பாதுகாவலராக வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இபிஎஃப் 11 விழுக்காடு, சொக்சோ எல்லாம் பிடித்தால் கைக்கு வருவது சுமார் 1,500. மனைவியும் மூன்று பிள்ளைகளும் உள்ள வீடு. சந்தேகமே இல்லை, கோட்டுக்குக் கீழே. இப்போது மனைவியும் ஒரு பேரங்காடியில் அதே சம்பளத்துக்கு வேலைக்குப் போகிறார். குடும்ப வருமானம் 3,400. ஒவ்வொரு குடும்பத்துக்கும் அளவுக்கேற்ப கோடு கொஞ்சம் மாறும் என்றாலும், பெரும்பாலும் இந்தக் குடும்பம் இனி ஏழை அல்ல.

அந்த வீட்டில் கணவரின் தாயாருக்கு இரத்தச் சுத்திகரிப்பு என்று வையுங்கள். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். கூட்டிப்போக ஆள் வேண்டும், வண்டி வேண்டும். மனைவி வேலையை விட வேண்டியதுதான். விட்டால் வருமானம் பாதியாகும். விடாவிட்டால் மூதாட்டி தனியாகப் பேருந்துக்கு நிற்க வேண்டும். இந்தக் குடும்பத்துக்கு வேண்டியது அரிசியும் அல்ல, சொல்லப்போனால் ரொக்கமும் முதலில் அல்ல. வாரம் மூன்று நாள் ஒரு வண்டி. ஆனால் வருமானத்தை மட்டும் கேட்கும் பாரம் இதைப் பார்ப்பதில்லை.

இதை அரசாங்கமும் உணராமல் இல்லை. 11-ஆவது மலேசியத் திட்டத்திலேயே பல்பரிமாண வறுமைக் குறியீடு என்ற ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கல்வி, சுகாதாரம், வாழ்க்கைத்தரம், வருமானம் என நான்கு பகுதிகள், 11 அளவுகோல்கள். நல்ல முயற்சிதான். ஆனால் அதில் மருத்துவ வசதி என்பதை, வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நாங்கள் பார்த்த பாட்டியின் வீடு தாப்பா மருத்துவமனையிலிருந்து அதைவிடப் பக்கம். ஆக, குறியீட்டின்படி அவருக்கு அந்தக் குறை கிடையாது. கண் சிகிச்சையோ ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர் தள்ளி ஈப்போவில்.

நாடு முழுவதற்கும் ஒரு குறியீடு போடும்போது இப்படித்தான் நடக்கும். அதில் தப்பு சொல்லிப் பயனில்லை. மாவட்ட அளவில், வீட்டு அளவில் கேட்டால்தான் தெரியும் விஷயங்கள் இவை.

நம் மக்கள் ஏன் இந்தப் பட்டியல்களில் எளிதாகத் தவறிப் போகிறார்கள் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. தோட்டம் என்பது தனியார் நிலம். சுதந்திரத்துக்குப் பிறகு வந்த கிராம மேம்பாட்டுத் திட்டங்கள் கம்பத்துக்குச் சாலை போட்டன, தண்ணீர் கொடுத்தன, மின்சாரம் கொடுத்தன. தோட்டத்து வாசலோடு அவை நின்றுவிட்டன. உள்ளே லயத்தில் இருப்பவர்களுக்கு வீடும் தண்ணீரும் விளக்கும் முதலாளியின் பொறுப்பு என்று விடப்பட்டது. 1990-இல் தொழிலாளர் வீட்டுவசதிக் குறைந்தபட்சத் தரச் சட்டம் வந்தது, ஆனாலும் அந்த வீடு வேலையோடு கட்டப்பட்ட வீடுதான். வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, நம்மவர்கள் செய்த வேலைக்கு வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். பிள்ளைகள் ஈப்போ, கிள்ளான், சிங்கப்பூர் என்று போய்விட, வயதானவர்கள் தாப்பா ரோட்டிலும் பீடோரிலும் வாடகை வீட்டுக்கோ மலிவு விலை வீட்டுக்கோ வந்து சேர்ந்தார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கம்பத்துக்குக் கம்பத்துத் தலைவர் உண்டு. யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அவருக்குத் தெரியும், மாவட்ட அலுவலகத்தில் அவருக்கு ஒரு நாற்காலியும் உண்டு. தோட்டத்தில் அந்த இடத்தில் இருந்தவர்கள் கங்காணியும் கிராணியும். அவர்கள் நிர்வாகத்தின் ஆட்கள், மாவட்ட அலுவலகத்துக்குப் பெயர் கொண்டுபோகிறவர்கள் அல்லர். இப்போது தாமானுக்கு வந்த பிறகோ அதுகூட இல்லை. பக்கத்து வீட்டில் இருப்பவர் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தவர் என்றுகூடத் தெரியாமல் வாழ்கிறோம். தோட்டத்து லயத்தில் ஒரு வீட்டில் சமைக்கவில்லை என்றால் மதியத்துக்குள் பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும். அது ஒரு கணக்கெடுப்புதான், பாரம் இல்லாத கணக்கெடுப்பு. தோட்டம் நல்ல இடம் என்று சொல்ல வரவில்லை. அங்கே பட்டதெல்லாம் பட்டவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்த ஒன்றை இழந்துவிட்டோம், அதற்கு மாற்றாக எதையும் கொண்டுவரவில்லை.

சமுதாயத்துக்கென்று ஒதுக்கப்படும் நிதி இந்த இடைவெளியை நிரப்பியிருக்க வேண்டும். 2014-இல் செடிக் என்று தொடங்கி, பிறகு மித்ரா என்று பெயர் மாறிய பிரிவுக்கு ஆண்டுக்கு 10 கோடி ரிங்கிட் என்பது நமக்கெல்லாம் பழகிப்போன எண். 2017 ஏப்ரலில் மலேசிய இந்தியர் பெருந்திட்டமும் வெளியானது. பி40 இந்தியக் குடும்பங்கள் பற்றிய தகவல்கள் அதில் விரிவாகவே இருந்தன. ஆனால் நிதி எப்படிச் செலவானது? இயக்கங்கள் திட்டம் எழுதி விண்ணப்பிக்கும், தேர்வான இயக்கத்துக்கு மானியம் போகும். கணினி வகுப்பு நடத்தத் தெரிந்த இயக்கம் கணினி வகுப்புக்கு விண்ணப்பிக்கும். தையல் தெரிந்தவர்கள் தையல் பயிற்சிக்கு. அதில் பலன் பெற்றவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தாப்பா மக்களுக்குத் தையல் வேண்டுமா, தாதிமைப் பராமரிப்பு வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டு, அதன் பிறகு அதற்கேற்ற இயக்கத்தைத் தேடுவது என்பது தலைகீழான வேலை. அந்தத் தலைகீழ் வேலைதான் சரியான வேலை என்று நான் நினைக்கிறேன்.

இதை ஒரு மாநிலமே செய்து பார்த்திருக்கிறது. 2025 நவம்பர் முதல் தேதி கேரள அரசு, தன் மாநிலத்தில் கடும் வறுமை ஒழிந்துவிட்டதாக அறிவித்தது. அந்த அறிவிப்பு சரியா என்பதில் அங்கேயே பொருளாதார அறிஞர்கள் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். எப்படிக் கணக்கிட்டீர்கள், பழங்குடி மக்கள் நிலை என்ன என்று கேட்கிறார்கள். அந்த விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். நமக்குப் பயன்படுவது அவர்கள் போன வழி. 2021-இல் தொடங்கி, உள்ளாட்சி மன்றங்களும் குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்களும் வார்டு வார்டாக இறங்கின. உணவு, உடல்நலம், வருமானம், வீடு என்ற நான்கையும் வைத்துப் பார்த்து 64,006 குடும்பங்களை அடையாளம் கண்டார்கள். அதோடு நிற்காமல் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாக ஒரு திட்டம் எழுதினார்கள். ஒரு குடும்பத்துக்கு வீடு, இன்னொன்றுக்கு மருந்து, வேறொன்றுக்கு ரேஷன் கார்டு. கையில் எந்த ஆவணமும் இல்லாதவர்களுக்கு ஆவணம் எடுத்துக் கொடுப்பதே முதல் வேலையாக இருந்தது.

அதற்கும் முன்னால், 1990-களின் தொடக்கத்தில் ஆலப்புழை நகரில் யுனிசெஃப் துணையோடு ஒரு சோதனை நடந்தது. பின்னாளில் குடும்பஸ்ரீக்கு அதுவும் ஒரு முன்னோடி. வருமானத்தைக் கேட்டால் யாரும் சரியாகச் சொல்லமாட்டார்கள் என்பதால் அவர்கள் அதைக் கேட்கவே இல்லை. ஒழுங்கான வீடு இருக்கிறதா, குடிநீர் இருக்கிறதா, கழிவறை உண்டா, எழுதப் படிக்கத் தெரியாதவர் உண்டா, சம்பாதிப்பவர் ஒருவர்தானா, இரண்டு வேளைச் சோறாவது நிச்சயமா, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உண்டா, குடிக்கு அடிமையானவர் உண்டா என்பன உள்ளிட்ட ஒன்பது கேள்விகள். நான்கோ அதற்கு மேலோ பொருந்தினால் அந்தக் குடும்பம் ஏழைக் குடும்பம். பக்கத்துத் தெருப் பெண்ணே போய்க் கேட்டு எழுதிவிடலாம்.

பத்தாங் பாடாங்குக்கு அந்த ஒன்பது கேள்விகள் அப்படியே பொருந்தாது. இங்கே தண்ணீர்க் குழாய் இருக்கிறது, கழிவறை இருக்கிறது. நாம் கேட்க வேண்டியவை வேறு.

முதலில் ஆவணம். வீட்டில் பிறப்புப் பத்திரமோ நீல அடையாளக் கார்டோ இல்லாதவர் யாராவது உண்டா? 2011 பிப்ரவரியில் மைடஃப்தார் என்ற பெயரில் இந்தியர்களுக்காகவே ஒரு பதிவு இயக்கம் நாடு முழுவதும் நடந்தது நினைவிருக்கும். அதோடு பிரச்சினை தீரவில்லை. கோயிலில் தாலி கட்டிவிட்டுப் பதிவு செய்யாமல் விட்ட திருமணங்கள் இன்னும் இருக்கின்றன. 1982 முதல் பதிவு கட்டாயம் என்றாலும். பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளை சட்டப்படி தாயின் குடியுரிமையைத்தான் பெறும். தாய்க்கு ஆவணம் இல்லாவிட்டால் தகப்பன் நீலக் கார்டு வைத்திருந்தும் பயனில்லை. இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு இ-காசேயும் இல்லை, சாராவும் இல்லை, பிற்பாடு பெர்மிட் இல்லாத வேலைதான். பசியைவிட இதைச் சொல்லத்தான் மக்கள் அதிகம் கூச்சப்படுகிறார்கள்.

அடுத்து வீடு யாருடையது, வாடகை எத்தனை மாதம் பாக்கி, வெளியேறச் சொல்லி எழுத்தில் ஏதாவது வந்திருக்கிறதா என்பது. பிறகு போக்குவரத்து. வீட்டில் வண்டி உண்டா, மருத்துவமனைக்கு எப்படிப் போகிறீர்கள்? தனியாக இருக்கும் முதியவரா, சமூக நல இலாகாவின் முதியோர் உதவிக்கு மனு செய்ததுண்டா? 2025-இல் அது மாதம் 600 ரிங்கிட்டாக உயர்ந்தது. தகுதி இருந்தும் மனு போடாதவர்களை நானே பார்த்திருக்கிறேன். "பாரம் மலாயில இருக்கு, யாருகிட்ட கேக்குறது?" என்பார்கள். கடன் பற்றியும் கேட்க வேண்டும், ஆனால் முதல் சந்திப்பில் வேண்டாம். வட்டிக்காரனுக்கு ஏடிஎம் கார்டைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர் அதை முதல் நாளில் சொல்லமாட்டார். அரசு உதவிப் பணம் வங்கிக்கு வந்ததும் யார் எடுக்கிறார் என்பது தெரியாமல் உதவித் தொகையைக் கூட்டிக்கொண்டே போவதில் என்ன பயன்?

ஆள் எங்கே என்று கேட்பீர்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களைவிட இந்த வட்டாரத்தின் வறுமையை நன்றாக அறிந்தவர்கள் யாருமில்லை. காலையில் பசியோடு வரும் பிள்ளை யார், மழை பெய்தால் வராத பிள்ளை யார், பள்ளியின் கூடுதல் உணவுத் திட்டத்தில் சேர்க்கப்பட வேண்டியும் சேராத பிள்ளை யார் என்று அவர்களுக்குத் தெரியும். பெற்றோர் ஆசிரியர் சங்கம், கோயில் நிர்வாகம், ஓய்வுபெற்ற தாதியர், தாப்பாவில் படிக்கும் பல்கலைக்கழக மாணவர்கள் எல்லாரையும் சேர்த்து இருபது பேர் போதும். இருவர் ஒரு குழு, அதில் ஒருவர் பெண்ணாக இருப்பது அவசியம். ஒரு வீட்டுக்கு அரை மணி நேரம் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஒரு குழு பத்து வீடு பார்க்கலாம். பத்துக் குழு, நூறு வீடு. ஒரு பள்ளித் தவணைக்குள் மாவட்டத்தில் நம் மக்கள் வாழும் தாமான்களில் பெரும்பகுதியை முடித்துவிடலாம்.

கட்சிச் சட்டை வேண்டாம். படம் எடுக்கவும் வேண்டாம். ஹம்பரைப் பிடித்துக்கொண்டு ஐந்து பேர் நிற்க, நடுவில் தலைகுனிந்து நிற்கும் அம்மாவின் படம் முகநூலில் வருவதைப் பார்த்துவிட்டுத்தான் பல குடும்பங்கள் கதவைத் திறப்பதில்லை. எழுதிக்கொண்ட விவரம் யாரிடம் இருக்கும், யாருக்குக் காட்டப்படும் என்பதையும் வீட்டாரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் அடையாளக் கார்டு நகல் எங்கெங்கோ போய்விடுகிறது என்ற பயம் நியாயமானது.

இதை இந்தியர்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்வதா என்றும் யோசிக்க வேண்டும். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையின் இருபுறமும் செமாய் பூர்வகுடிக் கிராமங்கள் உள்ளன. அங்கே உள்ள தேவைக்கு முன்னால் நம்முடையது சில சமயம் சிறியதாகத் தெரியும். புதுக்கிராமங்களில் தனியாக இருக்கும் சீன முதியவர்களும் உண்டு. தமிழ் தெரிந்தவர்கள் தமிழர் வீடுகளைப் பார்ப்பது வசதிக்காக. ஆனால் அதில் கிடைக்கும் விவரத்தை மாவட்ட அலுவலகத்தின் குழுவிடம் கொண்டுபோகும்போது, எல்லா மக்களுக்கும் இதேபோல் கேளுங்கள் என்ற கோரிக்கையோடு போவதுதான் முறை. அப்படிப் போனால் நம் பேச்சுக்கு மதிப்பும் கூடும்.

சிலர் சொல்வார்கள், ஏற்கெனவே பாடு தரவுத்தளம் என்று எல்லாரையும் பதியச் சொன்னார்களே, இன்னொரு கணக்கு எதற்கு என்று. 2024 ஜனவரி 2-இல் தொடங்கி மார்ச் 31-இல் பதிவு முடிந்தது. கைப்பேசியும் மின்னஞ்சலும் பொறுமையும் உள்ளவர்கள் பதிந்தார்கள். நம் பாட்டியிடம் இருப்பது பட்டன் போன். தேவை அதிகமாக உள்ளவர்தான் பதிவதில் பின்தங்குவார். அதனால்தான் வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும் என்கிறேன்.

2026 முதல் 2030 வரைக்கான 13-ஆவது மலேசியத் திட்டம் 2025 ஜூலை 31-இல் நாடாளுமன்றத்தில் தாக்கலானது. இந்திய சமுதாயத்துக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று ஒவ்வொரு பட்ஜெட்டுக்கும் கேட்கிறோம். தாப்பாவில் இத்தனை பேருக்கு ஆவணம் இல்லை, இத்தனை பேருக்கு மருத்துவமனைக்கு வண்டி இல்லை, இத்தனை குடும்பங்கள் அடுத்த ஆண்டுக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று எண்களோடு போய்க் கேட்க இன்று நம் கையில் ஒரு தாளும் இல்லை.

பாட்டியின் அப்பாயின்மென்ட் இந்த மாதம்தான் இருந்தது. எங்களில் ஒருவர் விடுப்பு எடுத்துக்கொண்டு அவரை ஈப்போவுக்குக் கூட்டிப் போனார். போகும் வழியில், கம்பாரைத் தாண்டும்போது, பாட்டி தானாகவே பேரனைப் பற்றிச் சொன்னாராம். பையனின் அம்மாவுக்குச் சிவப்புக் கார்டு, திருமணம் பதியவில்லை, பையனின் பிறப்புப் பத்திரத்தில் குடியுரிமை என்ற இடத்தில் "குடிமகன் அல்ல" என்று இருக்கிறது. தீபாவளிக்கு முன் அவர் வீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம், இது எங்களுக்குத் தெரியாது. வரும் மார்ச் மாதம் பையனுக்குப் பன்னிரண்டு வயது, அடையாளக் கார்டு எடுக்கும் வயது.